நாற்பத்தொரு பூவாளித் தண்ணீர்

காலையில் காபி குடிப்பதற்கு முன்பே பூவாளியை நிரப்பிவிடுவது என் வழக்கம். தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒழுங்கு என்பது ரத்தத்தில் ஊறிவிடும். தியோடர், நம் பங்குக் கோயில் மலர்க்காட்சிக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை, நான் தண்ணீர் விட்டதைத் தெருவே பார்த்தது.

பக்கத்து வீட்டு ஜோசஃபின் டீச்சரை உங்களுக்குத் தெரியும். அவருடைய கணவர் டெஸ்மண்ட், காய்ச்சலில் போவதற்கு முந்தின மாதம், அத்திபெலே பக்கம் ஒரு வேலியோரத்தில் செங்காந்தள் கிழங்கைத் தோண்டி எடுத்துவந்து தொட்டியில் வைத்துக் கொடுத்தார். ஆறு வருஷமாக அதன் முதல் பூ அவர் கல்லறைக்குப் போகும். பிறகு தொட்டி மாதா திருநாள் மலர்க்காட்சிக்கு வரும். கடைசி மூன்று வருஷமும் வெள்ளிக் கோப்பை அதற்குத்தான். என் ரோஜாக்களுக்கு இரண்டாம் இடம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. எலும்புத்தூள் போட்டு வளர்த்த ரோஜாவை வேலிக்கொடி ஜெயிக்கிறதே என்று ரோஜாக்களுக்காகத்தான் கொஞ்சம் சங்கடப்பட்டேன்.

இந்த வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் டீச்சர் தங்கையின் பிரசவத்துக்காகக் கோலாருக்குக் கிளம்பினார். தொட்டியை என் வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து வைத்தார்.

"சார், இதுக்குத் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. மேல காஞ்சு செத்தாப்ல இருக்கும். கிழங்கு உள்ள தூங்குது. ஈரம் பட்டா அழுகிடும். மழை வந்தா தானா முளைச்சுக்கும்."

"நீ கவலப்படாம போய்ட்டு வாம்மா. என் செடி மாதிரி பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து தண்ணீர் விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பூவாளி. கோடையில் நம் தெருக் குழாய் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நான் குளிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அல்போன்சா வாசலில் நின்று பார்ப்பாள்.

"காலித் தொட்டிக்கு இவ்ளோ தண்ணியா சார்? உங்க மனசு யாருக்கு வரும்!"

"அதுவும் ஒரு ஜீவன்தானேம்மா" என்பேன்.

மூன்றாவது வாரம் தொட்டியிலிருந்து வாடை கிளம்பியது. விரலை விட்டுப் பார்த்தேன்; களி போல் இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விடும் சுபாவம் எனக்கு இல்லை. நாற்பத்தொரு நாள் விட்டேன்.

ஜூனில் மழை பிடித்தது. ஊரிலிருந்து திரும்பியிருந்த டீச்சர் முளைக்காகப் பத்து நாள் காத்திருந்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தார். கையில் சேறுதான் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நானே காபி போட்டுக் கொண்டுபோனேன்.

"தப்பு என்னோடதுதான் சார். சாரல் அடிக்கிற எடத்துல வெச்சுட்டுப் போயிட்டேன்" என்றார்.

அதோடு முடிந்திருக்கும். அல்போன்சா ஆறுதல் சொல்ல வந்தாள். "உன் மேலயும் தப்பில்ல, யார் மேலயும் தப்பில்ல ஜோசி. சார் ஒரு நாள் தவறாம தண்ணி ஊத்தினாரு. நான் சாட்சி."

டீச்சர் என்னை வெகுநேரம் பார்த்தார். காபியைத் தொடவில்லை.

"வயசாச்சில்லம்மா. நீ சொன்னது மறந்தே போச்சு" என்றேன். தெருவும் அதை நம்பியது. வயதானவனுக்கு உள்ள ஒரே சௌகரியம் அதுதான்.

சென்ற ஞாயிறு மலர்க்காட்சியில் என் செங்காந்தளுக்குக் கோப்பை கிடைத்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். செங்காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கையாக இருக்கும். இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முளைக்கண் உண்டு. வளைவில் ஒடித்தால் இரண்டு செடி. டீச்சரின் ஜட்கா வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நான் ஒடித்துவிட்டேன். ஒரு கையை அவருடைய தொட்டியிலேயே விட்டுவைத்தேன். முழுசாக எடுக்க நான் என்ன திருடனா?

கல்லறைக்கு ஒரு பூ வேண்டும் என்று டீச்சர் நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். செடியின் அருமை தெரியாமல் தொட்டியைப் பிறரிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவரிடம் எதை நம்பிக் கொடுப்பது?

மற்றபடி, மறதி என்று நான் சொன்னதை உங்கள் கமிட்டி பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீச்சர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. என் பாதிக் கிழங்கைப் பின்கட்டு அறையில் காய்ந்த மண்ணில் புதைத்து வைத்திருந்தேன். அந்த நாற்பத்தொரு நாளும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடவில்லை.