இடது இறக்கையில் நாலாம் நம்பர்

இல்ல சார், அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, பெயின்ட் ஒட்டிக்கும். இப்படி வாங்க. டெல்மர் காப்பி வாங்கத்தான் ஊருக்குள்ள போயிருக்கார், இருபது நிமிஷம் ஆகும். பிளேனைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்துட்டார்னதும் மனுஷனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இதைக் கட்டுற இந்த ஏழு வருஷத்துல என்னைப் பாத்து ஒரு வாய் காப்பி வேணுமான்னு கேட்டதில்ல.

நீங்க பாருங்க, பாருங்க. நான் குறுக்க பேசல. ஆனா அரைமணி நேரமா இறக்கையைத் தட்டித் தட்டிப் பாக்குறீங்களே, தர்பூசணி வாங்க வந்த மாதிரி. தட்டினா என்ன தெரியும்?

நானா? நான் டெல்மர் சம்சாரம், லொவான். சொந்தமா பிளேன் கட்டுறவங்க கிளப்புல என்னைக் கட்டை புடிக்கிறவள்னு சொல்வாங்க. நீங்க என்னைக்காவது தகடையும் தகடையும் சேக்குற இந்த ரிவெட் ஆணியை அடிச்சிருக்கீங்களா சார்? இல்லையா? வெறும் பேப்பர்தானா! நல்லா இருக்கு போங்க. பிளேன் பறக்கலாம்னு கையெழுத்துப் போடுறவருக்கு ரிவெட் அடிக்கத் தெரியாது.

அப்ப கேட்டுக்கோங்க. அவர் வெளிய நின்னு காத்துத் துப்பாக்கியை வச்சு ரிவெட்டை அடிப்பார். நான் உள்ள கையை விட்டு, ரிவெட் வாலுக்கு எதிரா இரும்புக்கட்டையை முட்டுக்குடுத்துப் புடிக்கணும். வால் நசுங்கித் தலை கட்டும். அது எப்படிக் கட்டிச்சுன்னு அவருக்குத் தெரியாது. நான்தான் எட்டிப் பாத்து, நல்லாருக்குன்னு குரல் குடுக்கணும். அப்பறம்தான் அடுத்தது. பதினாலாயிரம் ரிவெட் சார். என் தோளைக் கேளுங்க, சொல்லும்.

நீளமா? அதுலதான சார் உயிரே இருக்கு. தகடைத் துளைச்சு வெளிய வந்து, ரிவெட் தடிமன்ல ஒன்றரை மடங்கு நீட்டிட்டு நிக்கணும். கூடிப்போனா அடிக்கும்போது மடங்கிப் படுத்துக்கும். குறைஞ்சா தலை சப்பையா இருக்கும், பாரம் ஏறினா பிச்சுக்கும். இவ்ளோதான் சூத்திரம். இதைப் பேச அந்தக் கிளப்புல ஒம்போது கிழங்க மூணு மணி நேரம் எடுத்துக்கும்.

இவரு அதுல தலைவரு. என் மஃபின் தட்டைத் தூக்கிட்டு வந்து, குழிக்கு ஒரு நம்பரா ரிவெட்டைக் கொட்டி வச்சிருக்கார், அதோ பாருங்க. நம்பர் கூடினா நீளம் கூடும்; கம்பெனி குடுத்த படத்துல நாலுன்னு போட்டிருந்தா நாலு, அஞ்சுன்னா அஞ்சு. அளந்து பாக்குறதுக்குன்னு குட்டி அளவுகோல் ஒண்ணு இருக்கு. அதைத் துடைச்சு பளபளன்னு வச்சிருக்கார், ஒருநாளும் அளந்ததில்ல. அளக்குறது நான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பிப்ரவரி. பிளேன் நிறுத்துற இந்த ஹேங்கர் கொட்டகைல அடுப்பு வேற அணைஞ்சு போச்சு, விரல் மரத்துப்போச்சு. பிளேன் பாகங்களை வித்த கம்பெனிக்காரன் லெட்டர் போட்டிருந்தான், இடது இறக்கை பிளேன் உடம்போட சேர்ற இடத்துல இன்னொரு பட்டைத் தகடு வச்சு பலப்படுத்துங்கன்னு. வச்சார். ரெண்டு தகடு மூணு தகடாச்சா? அப்ப நீளமும் கூடணும்ல? மூணாங்கிளாஸ் புள்ள சொல்லும். மனுஷன் பழைய படத்தைப் பாத்து நாலாம் நம்பரையே எடுக்கிறார். நான் அளந்து காமிச்சேன், அஞ்சு வேணும் டெல்மர்னு. அதுக்கு அவர், படம் போட்ட எஞ்சினியருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா, கட்டையைப் புடிக்கிறதுதான் உன் வேலை, யோசிக்கிறது இல்லைன்னார்.

கஸ் வேற பக்கத்துல நின்னு சிரிச்சான். அடுத்த ஹேங்கர்காரன். அவன் கட்டின பிளேன் இன்னும் தரையை விட்டுக் கிளம்பல, அவனுக்கு வாய் மட்டும் பறக்குது.

அப்பறமா? அப்பறம் என்ன, அடிச்சோம். மூடினோம். பெயின்ட் அடிச்சோம். ஒரே ஒரு தடவை, லொவான், அன்னைக்கு நீ என்ன சொன்னன்னு கேட்டிருந்தார்னா சொல்லியிருப்பேன். கேக்கல. நானும் வீம்புக்கு, கேக்கட்டும் கேக்கட்டும்னு இருந்துட்டேன்.

இப்பப் பாருங்க, சர்ச்ல அத்தனை பேரையும் கூப்பிட்டாச்சு. சனிக்கிழமை காலைல முதல் தடவை பறக்கப்போறாராம், தனியா. பொம்பளைங்க ஹாம் பன் கொண்டு வர்றாங்க. திமிர் புடிச்ச மனுஷன்தான். ஆனா நாப்பத்தொரு வருஷமா என் திமிர் புடிச்ச மனுஷன்.

ஐயய்யோ, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டீங்களா? கொஞ்சம் இருங்க. இடது இறக்கைக்குக் கீழ, உடம்பை ஒட்டி, ஆறு ஸ்க்ரூ போட்ட மூடி ஒண்ணு இருக்கும். அதைக் கழட்டி, உங்க கைக்கண்ணாடியை உள்ள விட்டுப் பாருங்க. முப்பத்தெட்டு ரிவெட். ஒண்ணுகூட ஒழுங்கா தலை கட்டல. முப்பத்தெட்டுக்கும் நல்லாருக்குன்னு குரல் குடுத்தது நான்தான் சார்.