ஆளில்லாமல் அளந்த அறை

மாலை ஐந்தேகால். இந்தப் பனி நாட்டில் டிசம்பர் மாதம், அதனால் அதற்குள் கும்மிருட்டு. விட்பியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வடக்கே போனால், புதிய வீடுகள் வருவதற்கு முன்னால் ஒரு நீண்ட வெறும் தெரு இருக்கிறது. இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோளக் காணி. கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், விளக்குத்தான் இன்னும் எரியவில்லை. அந்தத் தெருவில் ஒரேயொரு கார்... லவனுடையது.

அட்சயா, அந்தப் போனைக் கவிழ்த்து வை பிள்ளை. கரண்ட் வரும்போது வரட்டும். பயமாக இருந்தால் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு இரு. ஆனால் கதை நடுவில் எழும்பிப் போகக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

லவன் வேறு யாருமில்லை, என்னோடு வேலை செய்கிற கஜனியின் ஒன்றுவிட்ட அண்ணன். வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் தனிக்கட்டை. வார நாட்களில் கட்டடங்களுக்குக் கேபிள் இழுப்பான். சனி, ஞாயிறில் பாட்டுப் பைத்தியங்களுக்குக் கம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பான். சும்மா கம்பியூட்டர் இல்லை. உள்ளே விசிறி கிடையாது, மூச்சுச் சத்தம்கூட வராது. சிடியில் உள்ள பாட்டை ஒரு பொட்டும் குறைக்காமல் அப்படியே இறக்கி, இரண்டு டிரைவில் இரண்டு பிரதி வைப்பான். கெட்டிக்காரன். அன்றைக்கு அவன் போனது சொந்தத் தங்கச்சி மதுராவின் வீட்டுக்கு.

மதுராவின் புருஷன் றொய்சன். ஆயிரத்து இருநூறு சிடி வைத்திருக்கிறான். ஒரு பாட்டில் வீணைக்காரர் மூச்சு இழுப்பதுகூட அவன் காதுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட காது! அதே வீட்டில் பெண்சாதி அழுதால் மட்டும் கேட்காது. ஓம், அடிக்கிறவன்தான். நாலு வருடமாக அடிக்கிறான். சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தார்கள். லவனும்தான்.

அதைவிடக் கொடுமை கேளுங்கள். றொய்சன் பாட்டுக் கேட்பதற்கென்று பேஸ்மென்றில் ஓர் அறை கேட்டான். லவனே போய், சுவருக்குள் பஞ்சு அடைத்து, இரட்டைப் பலகை அடித்து, கதவைச் சுற்றி றப்பர் ஒட்டிக் கட்டிக்கொடுத்தான். “உள்ள வெடி வெடிச்சாலும் மேல குசினிக்குக் கேளாது, மச்சான்” என்று பெருமை வேறு. தங்கச்சியை அடிக்கிறவனுக்குச் சத்தம் வெளியே போகாத அறை! மடையன். அவனே பிறகு தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டான்.

மதுரா கதவைத் திறந்தாள். சித்தாலேபைத் தைல மணம் முகத்தில் அடித்தது. வீட்டுக்குள் வெக்கை, இவள் கழுத்துவரை சுவெற்றர் போட்டிருந்தாள். அதன் விளிம்பில் நீலமாய் ஒரு கன்றல் தெரிந்தது.

“என்னடி கழுத்தில?”

“ஒண்டுமில்லை அண்ணா. அலுமாரிக் கதவு பட்டது. அவர் ஆறு மணிக்கு வந்திடுவார், நீங்க வேலையைப் பாருங்கோ.”

லவன் கீழே இறங்கினான். பாட்டுகளெல்லாம் போன கிழமையே ஏற்றியாகிவிட்டது. அன்றைக்கு மிச்சம் இருந்தது அறையை அளக்கும் வேலை. நாற்காலியில் ஆள் இருந்தால் காது வரும் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தி வைப்பான். ஸ்பீக்கர் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கி, கீச்சென்று மேலே போய் முடியும். அறை எந்தச் சத்தத்தை விழுங்குகிறது, எதைத் திருப்பி எறிகிறது என்று மைக் கேட்டுச் சொல்லும். அதற்கேற்பக் கம்பியூட்டர் பாட்டைச் சரி செய்யும். ஒரே ஒரு சட்டம்: அளக்கும்போது அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. மனித உடம்பு சத்தத்தைக் குடித்துவிடும்.

பொத்தானை அமத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். இருபது செக்கன். உள்ளே போய்ப் பார்த்தான். திரையில் ஒரு வரி: அறைக்குள் வேறு சத்தம் உள்ளது, மீண்டும் அளக்கவும்.

இரண்டாம் தரம் அளந்தான். அதே வரி. ஹெட்போனை மாட்டி என்ன சத்தமென்று கேட்டான். கீச்சொலி முடிந்து அமைதி... பிறகு, டப். கொஞ்சம் பொறுத்து, டப். ஈரச் சீலையைக் கல்லில் அடிப்பதுபோல. பைப் ஏதும் தட்டுகிறதோ என்று சுவரில் காதை வைத்தான். ஒன்றுமில்லை.

மூன்றாம் தரம். இப்போது கதவுப் பிடியைக் கையாலேயே பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். ஈ, இலையான்கூட உள்ளே போகவில்லை. திறந்ததும் மணம் வந்தது... இறைச்சிக் கடையில் காலையில் அடிக்கும் மணம். திரையைப் பார்த்தால், இருபது செக்கனுக்கு இருக்க வேண்டிய பதிவு நாலு நிமிடம் நீண்டு கிடந்தது. இடையில் நீளத்துக்கு வெறும் கோடு, கடைசியில் சத்தம் மலைபோல் எழும்பியிருந்தது. அவன் நேரே அந்த மலையில் கொண்டுபோய் வைத்தான்.

நாற்காலி இழுபட்டது. டப். எலும்பில் விழும் அடி, சதையில் விழும் அடி... வித்தியாசம் தெரிந்தது என்று சொன்னான் பாவி. தலை தரையில் மோதுகிறது. மறுபடி மோதுகிறது. தொண்டைக்குள் இரத்தம் கொப்பளிக்க ஒரு குரல், “அண்ணா... அண்ணா...”

மதுராவின் குரல்.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு மேலே ஓடினான். மதுரா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். உயிரோடு! அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துப் பார்த்தான், முகத்தைத் தடவினான். இன்னும் நடக்கவில்லை. நடக்கப்போகிறது, இந்த வீட்டில், நான் கட்டிய அறைக்குள்... அப்படித்தான் அவன் விளங்கிக்கொண்டான்.

“வெளிக்கிடு. இப்பவே. பாஸ்போட்டை எடு.”

“என்னண்ணா இது, விசரே? அவர் வந்தால்...”

அவர் வந்துவிட்டார். கராஜ் கதவு உறுமியது. சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு றொய்சன் சிரித்தபடி வந்தான். “என்ன மச்சான், அளந்தாச்சே? வா, கேப்பம்.” மதுராவின் கையைப் பிடித்து அவளையும் கீழே இழுத்துக்கொண்டு போனான். பின்னால் லவன் ஓடினான். திரையில் அந்தப் பதிவு அப்படியே நின்றது. றொய்சன் பொத்தானை அமத்தினான். இந்தத் தடவை ஹெட்போனில் இல்லை, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும். அடி விழுந்தது, தலை மோதியது, “அண்ணா” என்று குரல் அலறியது. நடு அறையில் நின்று மதுரா தன்னுடைய குரலையே கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

றொய்சன் தலையைச் சரித்துக் கேட்டான். முகத்தில் பயம் இல்லை. கண்கூடச் சொருகியது.

“சா... என்ன கிளியர். இன்னொருக்காப் போடு மச்சான்.”

அவ்வளவுதான். நாலு வருடம் மூடியிருந்த வாய், திறக்கும்போது சும்மா திறக்குமா? லவன் மைக் நின்ற இரும்புக் காலைத் தூக்கி அவன் முகத்தில் ஓங்கி அடித்தான். பல் தெறித்து ஸ்பீக்கரில் பட்டது. றொய்சன் விழவில்லை. ஒரு கையால் மதுராவின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து, மறுகையால் லவனின் குரல்வளையை நெரித்தான். லவனுக்குக் கண் இருண்டது. மதுராதான், நாலு வருடம் அடி வாங்கிய அந்தப் பிள்ளைதான், அவன் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். பிடி விட்டது. இரண்டு பேரும் வெளியே பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினார்கள். சாத்தும்போது அவனுடைய நாலு விரல் இடையில் மாட்டியது. நொறுங்கியது. லவன் இரக்கப்படவில்லை, இன்னும் இழுத்தான். விரல் உள்ளே போனதும் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே றொய்சன் என்ன கத்தினானோ, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. லவன் அவ்வளவு நல்லாகக் கட்டியிருந்தான்.

பொலிஸ் வந்தது. மதுரா முதல்முதலாக வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோர்ட்டில் றொய்சனைப் பிணையில் விட்டார்கள், அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். லவன் தங்கச்சியை வெக்ஸ்போர்ட்டுக்கு, தன் ஒன்பதாம் மாடி வீட்டுக்குக் கூட்டி வந்தான். காப்பாற்றிவிட்டேன் என்று கஜனிக்குப் போனில் சொல்லி அழுதானாம். மதுரா நித்திரை கொண்டாள், சாப்பிட்டாள், கழுத்துக் கன்றல் மஞ்சளாகி மறைந்தது.

மூன்று கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மத்தியானம் பன்னிரண்டரை. மதுரா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். லவனிடம் அந்தப் பதிவின் பிரதி ஒன்று இருந்தது. இனி எதற்கு இந்தச் சனியன், அழித்துவிடுவோம் என்று நினைத்தான். அழிப்பதற்கு முன்னால், இதுதானா என்று பார்க்க ஹெட்போனை மாட்டினான். அன்றைக்கு நேரே கடைசிக்குப் போனவன், இன்றைக்குத்தான் முதலிலிருந்து கேட்டான்.

உறுமல். கீச்சொலி. பிறகு அமைதி... அந்த அமைதிக்குள், மிக மெல்லிதாக, ஏதோ சளசளத்தது. எண்ணெய். எண்ணெயில் ஏதோ பொரிகிறது.

பேஸ்மென்றில் ஏது எண்ணெய்?

சத்தத்தைக் கூட்டினான். டிங். லிஃப்ட் மணி. அதன் கதவு ஒன்பதாம் மாடியில் திறக்கும்போது மட்டும் போடும் கிறீச்... அந்த மாடியில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கிறீச். நடைபாதையில் சப்பாத்து. நெருங்கி வந்து நின்றது. கதவில் மூன்று தட்டு. அதன் பிறகு மதுராவின் குரல், சாதாரணமாக, “நான் திறக்கிறன், அண்ணா.”

லவன் ஹெட்போனைக் கழற்றினான். வாசல் கதவில் மூன்று தட்டு.

குசினியில் எண்ணெய் சளசளத்தது. அடுப்பைக் குறைக்கும் சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு மதுரா அவனைத் தாண்டிப் போனாள்.

“நான் திறக்கிறன், அண்ணா.”