காளிதாஸுக்கு அவகாசம் இருந்தது

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது, இன்ஸ்பெக்டர். ஆட்டிறைச்சியைத்தான் முதலில் அடுப்பில் ஏற்றுவேன். அது பிந்தினால் சாப்பாடே பிந்தும். அப்பளத்துக்கு என்ன அவசரம், எப்போது வேண்டுமானாலும் பொரித்துக்கொள்ளலாம். என் மனைவி பிரேமளாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. அப்பளத்தை முதலில் பொரித்து வைத்துவிட்டு, நமுத்துப் போய்விட்டதே என்பாள்.

என் தொழிலும் இவ்வளவுதான். உலு திராமில் எழும்பும் அந்த அடுக்குமாடிக்கு வேலை அட்டவணை போட்டவன் நான். எந்த வேலைகள் பிந்தினால் கட்டடமே பிந்துமோ, அவற்றைச் சிவப்புக் கோட்டால் இணைப்போம். கிரிட்டிக்கல் பாத் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். மற்ற வேலைகளுக்கு அவகாசம் உண்டு. வெளிச்சுவர்ப் பூச்சு சிவப்புக் கோட்டில் இருந்தது. வயரிங் அப்பளம்.

பூச்சுக்காரர்கள் ஏற வேண்டிய சாரத்தில், யாரும் ஏறக்கூடாது என்று பிரவீனா சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டாள். பாதுகாப்பு அதிகாரி. நல்ல பெண்தான், ஆனால் என் அட்டவணையைக் காலண்டர் படம் மாதிரிதான் பார்ப்பாள். சாரத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்புகள் தளர்ந்துவிட்டனவாம். முடுக்க வேண்டிய ஆட்களோ ஹரி ராயா பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும்வரை பூச்சு வேலை சும்மா கிடக்க வேண்டுமாம். எனக்கு எரிச்சல் வந்தது. அதை நான் மறைக்கவில்லை.

பிரவீனா கூட்டத்துக்காக ஜொகூர் பாரு போன காலையில், சிவப்பு அட்டையைக் கழற்றிப் பச்சையைத் தொங்கவிட்டேன். அதற்காக என்னைப் பொறுப்பில்லாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். பூச்சுக்காரர்களை நான் உடனே ஏற்றவில்லை. அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால்கூட வேலை பிந்திவிடும். வேறு யாராவது ஏறிப் பார்க்கட்டும் என்று அட்டவணையைப் புரட்டினேன். எலக்ட்ரீஷியன் காளிதாஸுக்குத்தான் அவகாசம் அதிகம்.

"காளி, சாரத்துல ஏறி அந்த வெளிச்சுவர் லைட்ட மாட்டிட்டு வந்துருங்க," என்றேன்.

"சிறீ சார், நேத்து ரெட் கார்டு இருந்துச்சே?"

"இப்ப பச்சைதானே இருக்கு?"

"பிரவீனா மிஸ் பாத்துட்டாங்கன்னா ஓகே லா." சிரித்துக்கொண்டே ஏறினார்.

சாரம் தாங்கினால் பூச்சைத் தொடங்கலாம். தாங்காவிட்டால் வயரிங் பிந்தும், அவ்வளவுதானே. தாங்கவில்லை. காளிதாஸ் விழுந்த இடத்திலேயே இறந்துபோனார். பூச்சுக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை இதுவரை யாரும் பாராட்டவில்லை. காளிதாஸுக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று பிறகு சொன்னார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அட்டவணையில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஏன் நீயே ஏறிப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் இல்லாவிட்டால் அங்கே ஒரு செங்கல் நகராது, இன்ஸ்பெக்டர். இப்போது லோஷினி என்று ஒரு புதுப் பெண்ணை என் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்களாம். சாரத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டி, பூச்சும் முக்கால்வாசி முடிந்துவிட்டதாம். ஏதோ அவளுடைய அதிர்ஷ்டம். இன்றைக்கோ நாளைக்கோ திணறிப்போய் என்னைக் கூப்பிடத்தான் போகிறார்கள். என் கைப்பேசி உங்கள் மேசையில்தானே இருக்கிறது, அடித்தால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள்.