ஏழு வத்தகப்பழமும் மூடாத கூரையும்

ஓம் தம்பி, மக சொன்னது சரிதான், அந்தக் கூரை சுவிச்ச இனி அமத்த வாணாம். பத்துத் தரம் அமத்திட்டீங்க. பத்துத் தரம் கூப்பிட்டு வராத புள்ள பதினோராந்தரம் வந்திருமா? பெட்டரிதான் எறங்கும். இப்பிடி வந்து இரிங்க. அந்தக் கதிர வாணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். ஊர்ல உள்ள ஓட்டோவுக்கெல்லாம் சீட் அடிக்கிறவன்ட கடையில நல்ல கதிர இரிக்காது, அது அப்பிடித்தான்.

மழையா? வரும், வராம எங்க போக. ஆனா இப்ப இல்ல. எங்கட இந்த ஏத்தாளை ஊர்ல மேகம் கறுத்தா முதல்ல கடல் பக்கம் போய் யோசிக்கும், பொறகுதான் எங்கட பக்கம் திரும்பும். அதுக்குள்ள ஒங்கட கூரைய மூடிரலாம். ஏலாட்டி படங்கு ஒண்ட போட்டு, வள்ளத்துக்குக் கட்டுற மாதிரி கயிறு கட்டி அனுப்புவன். வெள்ளச் சேட்டும் அத்தருமா போற வீட்டுல அப்பிடிப் போய் எறங்கினா எப்பிடி இரிக்கும் எண்டு யோசிக்கிறீங்களாக்கும். என்ன விசயமாப் போறீங்க எண்டு கேட்டதுக்குத் தரையப் பாத்துச் சிரிச்சீங்க. சரி, நான் ஒண்டும் கேக்கல்ல.

அவ என்ட மகதான். எனக்கு இப்ப ஊசி கோக்கவே கண்ணாடி வேணும், வெட்டுறது தைக்கிறது எல்லாம் அவதான். இஞ்ச இருந்து பாலாவி வரைக்கும் ஓடுற ஓட்டோவுல பாதிக்குக் கூட் எண்ட மேல்மூடி தைச்சது அவ. ஆனா ஆக்கள் என்ட கையப் புடிச்சு நல்ல வேலை நானா எண்டிட்டுப் போவாங்க. போன மாசம் ஒரு ஜீப்காரர் வந்தார். அவ சொன்ன எதயும் கேக்கல்ல, அதயே நான் திருப்பிச் சொன்னாத் தலைய ஆட்டுறார். கடைசியில மக சொன்னா, வாப்பா, நீங்க மைக் மாதிரி நில்லுங்க, நான் பேசிக்கிறன் எண்டு. நீங்க அவ சொன்ன ஒடன சுவிச்சுல இருந்து கையெடுத்தீங்க. அத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்.

ஓட்டோ கூட் எண்டா என்ன தம்பி, ரெண்டு கம்பி, நாலு வார். மூடல்ல எண்டா எங்க பழுது எண்டு ரோட்டுல போற ஆளும் சொல்வான். ஒங்கட கார் அப்பிடியில்ல. சுவிச் சொல்லணும், மோட்டர் கேக்கணும், எண்ணெ தள்ளணும், கம்பி எழும்பணும், கொளுக்கி புடிக்கணும். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம் மாதிரி, ஒரு ஆள் கையெழுத்துப் போடாட்டி ஒண்டும் நடக்காது. பியூஸ் நல்லா இரிக்கி எண்டு மக சொல்லிட்டா. எண்ணெயும் ஒழுகல்ல. அமத்தினா மோட்டர்ல சத்தமே இல்ல, அதத்தான் அவ யோசிக்கிறா. முக்கிற சத்தம் வந்தா, பாவம் அது ஏலுமானதச் செய்யுது, எங்கயோ சிக்கியிரிக்கி. சத்தமே இல்லாட்டி, வாகனமே மாட்டன் எண்டு நிக்குது. ஏன் மாட்டன் எண்டு தேடணும்.

சத்தம் போடுற சாமான் லேசு தம்பி. சத்தம் போடாததுதான் ஆளக் கொல்லும். எனக்கு மூத்தவ ஒருத்தி இரிக்கா, அஸ்னா, கடைப் பேர்ப் பலகையில இரிக்கிற பேரு அவடதான். புத்தளத்துக்குக் கட்டிக் குடுத்தம். புரோக்கர் கொண்டு வந்த இடம். வீட்டப் பாத்தன், கடையப் பாத்தன், வாப்பா உம்மாவப் பத்தி நாலு பேர்ட்ட விசாரிச்சன். மாப்புளய மட்டும் முன்னுக்கு இருத்தி ஒரு மணித்தியாலம் கதைச்சுப் பாக்கல்ல. மூணு வருசம் அவ வாயே தொறக்கல்ல. வந்தாலும் சிரிச்சா, போனாலும் சிரிச்சா, நல்லா இரிக்கா எண்டு நான் நெனச்சிட்டன். ஒரு நாள் ஒரு பேக்கோட வந்து அந்தா அந்த வாசல்ல நிண்டா. காதியாரிட்டப் போய்க் கலியாணத்தப் பிரிச்சு எல்லாம் முடிஞ்சு, இப்ப வண்ணாத்திவில்லுல பாலர் பள்ளியில படிப்பிக்கிறா. நல்லா இரிக்கா, அல்ஹம்துலில்லாஹ். ஆனா அந்த மூணு வருசம் என்ட நெஞ்சில இருந்து எறங்கல்ல. பிழ என்டதான்.

இதெல்லாம் ஏன் ஒங்களுக்குச் சொல்றனா? கூரை மூடாத ஆள் எழும்பிப் போக மாட்டார் எண்டுதான். தேத்தண்ணியக் குடிங்க. சீனி கூடவா? இல்ல எண்டு சொல்றீங்க, மூஞ்சி வேற சொல்லுது. சரி, நான் போட்ட தேத்தண்ணிதான்.

என்ன மக? டிக்கியா? தம்பி, டிக்கியில என்ன வெச்சிரிக்கீங்க எண்டு கேக்கிறா. ரோட்டோரத்துல விக்கிற பச்சத்தோல் வத்தகப்பழமா. எத்தின? ஏழா. இருங்க, அவ இன்னொண்டும் கேக்கிறா, கூரையத் தொறந்த பொறகு வாங்கினதா, முந்தி வாங்கினதா? ஆ, சிலாபத்துல தொறந்தது, பழம் பாலாவி தாண்டி வாங்கினது. அவட சிரிப்பப் பாத்தீங்களா, மாஸ்க்குக்கு மேலால கண்ணுல தெரியுது. புடிச்சிட்டா.

வெளங்கல்லயா? இஞ்ச வந்து பாருங்க. ஒங்கட கூரை மடிஞ்சு போய்ப் படுக்கிறதும் டிக்கிக்குள்ள, சாமான் வெக்கிறதும் டிக்கிக்குள்ள. ரெண்டுக்கும் நடுவுல இந்தத் தட்டு. இது கொளுக்கியில இருந்தாத்தான் காருக்கு நம்பிக்க. பழத்த உருட்டி உருட்டித் தள்ளினதுல தட்டு மேல எழும்பி, கொளுக்கி விட்டிட்டு. கார் என்ன நினைக்கிது, கூரைய அசைச்சா இவன்ட சாமான் நசியும், நான் ஏன் அந்தப் பாவத்துக்கு எண்டு பேசாம இரிக்கி. நல்ல கார்தான்.

ஏழு என்னத்துக்கு தம்பி? போற வீட்டுக்கு வெறுங்கையோட போக ஏலாது, ஒண்டு போதும், மரியாதைக்கு ரெண்டு. ஆ, அப்பிடியா. பழம் வித்த மனிசி மழைக்கு முந்திக் கடையக் கட்டணும் எண்டாவா. மிச்சம் ஏழுதான், இத எடுத்தீங்க எண்டா நான் வீட்ட போயிருவன் எண்டாவா. எடுத்துட்டீங்க. அது ஸபீனா ராத்தா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காருக்கும் மிச்சம் ஏழுதான் எண்டு சொல்வா, பின்னால ஓலைக்குக் கீழ நாப்பது கெடக்கும். சிரிக்கிறீங்க. கோவம் வரல்லயா? அது நல்லம். மனுசன் ஏமாந்தாப் பரவால்ல, ஏமாத்தாம இருந்தாச் சரி.

மக பழத்த எறக்கித் தட்டக் கொளுக்கியில மாட்டிட்டா. ஆ, அந்தா கூரை எழும்புது. பாருங்க பாருங்க. மாஷா அல்லாஹ், கொடை விரிக்கிற மாதிரி. புடிச்சிட்டு, சத்தம் கேட்டிச்சா, அதுதான் கொளுக்கி. இல்ல தம்பி, சாவிய எடுக்க வாணாம். வலது மூலையில தையல் விட்டிரிக்கி, வெயில்ல நூல் போயிட்டு. மழை அதுக்குள்ளாலதான் வரும். மக ரெண்டு தையல் போட்டு, கார்க் கண்ணாடியில உள்ள உப்புத் தூசியத் தொடைச்சுத்தான் தருவா. அவ அரைகொறையா ஒண்டும் குடுக்க மாட்டா.

அது வரைக்கும் கதைச்சுக்கிட்டு இருப்பம். ஒங்கட வீட்டுல பொம்புளயள் வேலைக்குப் போறாங்களா? சும்மாதான் கேட்டன். உம்மா இருவது வருசம் படிப்பிச்சாவா. அப்ப பகல் சோறு ஆக்கினது யாரு? வாப்பாவா. நல்லா ஆக்குவாரா? இல்லயா. உண்மையச் சொல்றீங்க. சாப்பிட்டீங்களா எண்டாவது சொல்லுங்க. ஒரு நாளும் மிச்சம் வெக்கல்லயா. உம்மா அடிப்பாவாக்கும். சரி, அப்பிடியே ஒரு மணித்தியாலமாக் கதைச்சிட்டம், நேரம் போனதே தெரியல்ல.

மணிய அடிக்கடி பாக்கிறீங்க. அஸர் தொழுகைக்கு இன்னம் பாங்கு சொல்லல்ல. ஒங்கட உம்மாவும் சாச்சியும் வாற வேன் இப்பத்தான் பாலாவி தாண்டியிரிக்கும். பயப்படாதீங்க சுஹைர் தம்பி, அந்த வீடு தூரமில்ல, இந்தக் கடைக்குப் பின்னாலதான்.

பேரா? ஓம், நீங்க சொல்லல்லதான். புரோக்கர் நிஸார் நானா சொன்னார். மாப்புளட காருக்குக் கூரை தானாத் தொறக்கும், அதுதான் அடையாளம் எண்டார். தானா மூடாது எண்டு அவர் சொல்லல்ல. எனக்கு வெங்காயத் தோட்டம் இரிக்கி, மக வீட்டோட இரிக்கா எண்டு ஒங்களுக்கும் பொய் சொல்லியிருப்பார். அஸ்னாட கதைய மறைச்சிருப்பார். அவரு பாவம், அவருட தொழில் அப்பிடி. நான் ஸலாஹுதீன். எழும்ப வாணாம், இரிங்க, தேத்தண்ணி சிந்தும். ஓம், அவதான் ஹிதாயா. வீட்டுல இருத்திப் பேசிப் பாக்கத்தான் நாங்க இருந்தம். அல்லாஹ் ஒங்கட கார இஞ்ச கொண்டு வந்து நிப்பாட்டினா நாங்க என்ன செய்ய?

அவ என்ன சொல்றாவா? வாயால இன்னம் ஒண்டும் சொல்லல்ல. முந்திப் பொண்ணு பாக்க வந்த ரெண்டு பேரயும் பத்து நிமிசத்துல அனுப்பிட்டா. மூத்தவ சத்தமில்லாம இருந்தத நான் கவனிக்கல்ல, இப்ப சின்னவ சத்தமில்லாம என்ன செய்றா எண்டு பாக்கப் பழகிட்டன். நீங்களும் யோசிச்சு உம்மாட்டச் சொல்லுங்க, அவசரமில்ல. வத்தகப்பழத்த மட்டும் நாங்க எறக்கிட்டம், அது எப்பிடியும் எங்கட வீட்டுக்குத்தானே.

அந்தப் பக்கம் ஒடன திரும்பிராதீங்க, மெல்லமாப் பாருங்க. தையல் முடிஞ்சு முக்கா மணித்தியாலம் ஆச்சு தம்பி. அந்தக் கண்ணாடிய இப்ப மூணாந்தரம் தொடைக்கிறா.