நாலு நிமிஷக் குரல்

இல்ல தம்பி, விழாப் பத்திரிகைய வச்சிட்டுப் போங்க. வரேன்னு இப்ப எப்படிச் சொல்றது? டீயக் குடிங்க, ஆறுது. என் மகன் அஸார் கூடப் படிக்கிறீங்களா? சரி சரி. அவன் படத்துக்குப் பரிசுன்னு பேப்பர்லயே பாத்துட்டேன். பதினெட்டு நிமிஷப் படம். வயலு, வாய்க்காலு, பூட்டிக் கெடக்குற வீடுங்க. நல்லாத்தான் எடுத்திருக்கான். அதுல ஒரு பொம்பளக் குரல் வரும்ல, நாலு நிமிஷம்? அது என் மக ஷம்சாத். அவனுக்கு அக்கா.

நடிப்பெல்லாம் இல்லீங்க. மாப்புள தௌபீக்கு துபாய்ல. அப்பல்லாம் போன்ல என்னத்தப் பேசிட முடியும்? கேசட்டுல பேசித்தான் அனுப்புவாங்க. மாமியார் வீட்டுல வாயத் தொறக்க முடியாதுன்னு, வெள்ளிக்கெழம இங்க வந்து, அந்த ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுப் பேசுவா. நான் நம்பர் போட்டு, போற ஆளுகிட்ட குடுத்துவிடுவேன். மொத்தம் இருபத்தாறு கேசட்டு.

அதுல பதினொண்ணாவதத்தான் இவன் படத்துல போட்டுட்டான். மாமி அடிக்கிறாங்க, ஒங்க சம்பாத்தியம் வேணாம் மச்சான், கெளம்பி வந்துடுங்கன்னு அழுவா பாருங்க, அது.

தஞ்சாவூர்ல ஒரு காலேஜுல ஓட்டிக் காமிச்சான். சம்பந்தி வீட்டுப் பையன் ஒருத்தன் அங்க படிக்கிறான். எட்டாம் நாளு புள்ளைங்க ரெண்டோட இவளக் கொண்டாந்து விட்டுட்டாங்க. எனக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்லிட்டியேன்னு தௌபீக்கு போன்ல கேட்டுட்டு வச்சிட்டாரு. அஸாருக்குப் பேசி வச்சிருந்த ஹமீதா பானு வீட்டுல, நாளைக்கு எங்க பொண்ணு பேசுறதயும் படத்துல போடுவாரான்னு கேட்டு முறிச்சிட்டாங்க. ஷம்சாத்து, எனக்குத் தம்பியே இல்லன்னுட்டா.

நான் மெட்ராஸுக்கே போயி, அந்த நாலு நிமிஷத்த மட்டும் வெட்டிடுப்பான்னு கெஞ்சினேன். அது இல்லன்னா படமே இல்ல, அத்தா, அப்படின்னான். என் மூஞ்சியப் பாக்காமயே சொன்னான்.

துபாய் போன கேசட்டு அவங்கிட்ட எப்படி வந்துச்சுன்னா கேக்குறீங்க? ஷம்சாத்து அஞ்சு வருஷமா, மச்சான் கேட்டுட்டும் வரலயேன்னு நெனச்சிக்கிட்டு, அவருகிட்ட அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. இப்பத்தான் அது போயே சேரலன்னு தெரியுது. தம்பிதான் அப்பவே எடுத்து ஒளிச்சிட்டான்னு சொல்றா. அவனும் இல்லன்னு சொல்லல.

சரியாப் பதிஞ்சிருக்கான்னு கொஞ்சம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் நான் எதையும் அனுப்புவேன், தம்பி. அந்த ஒண்ண அனுப்பல. கேட்டா மாப்புள வேலய விட்டுட்டு வந்துடுவாரு, பொழப்பு போயிடும்னு பீரோவுல வச்சிட்டேன். அங்கேருந்துதான் அவன் எடுத்திருக்கான்.

கொஞ்சம் மெல்லப் பேசுங்க. அவ உள்ள தொழுதுக்கிட்டிருக்கா.