மேல்காதுத் தோடு

இல்ல சிஸ்டர், அப்படி இழுத்தா வராது. திருகு தோலோட ஒட்டிக்கிச்சு. செயின், வளையல் எல்லாம் கழட்டிக் கவர்ல போட்டாச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். கொஞ்சம் சோப்புத் தண்ணி வச்சுப் பாருங்க. வலிக்கல, நீங்க பாருங்க.

தங்கமெல்லாம் இல்லீங்க. சாதாரண நீலக்கல்லு, பேன்சி ஸ்டோர் சாமான். எனக்குப் பதிமூணு வயசுல எங்க அக்கா போட்டுவிட்டது. அவளுக்கு அப்பப் பதினாறு. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, ஐஸ் கட்டியைக் காதுல அழுத்தி வச்சு, தையல் ஊசியால குத்திட்டா. ஜோடியில ஒண்ணு அவ மேல்காதுல, ஒண்ணு என் மேல்காதுல. நான் அழுதேன், அவ சிரிச்சா.

அந்த வயசுல அவ அப்படித்தான். எதச் சொன்னாலும் எதுத்துப் பேசுவா. திடீர்னு ஒருநாள் முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு வந்து நிப்பா. எங்கப்பாவும் லேசுப்பட்ட ஆளில்ல. ரெண்டு பேரும் ஆரம்பிச்சா நானும் அம்மாவும் அடுப்படியிலேயே ஒண்டிக்குவோம். சாப்பாடு ஆறிப்போயிரும்.

அப்படித்தான் ஒருநாள் சாப்பிட உக்காந்தப்ப அவ காதைப் பாத்துட்டாரு. யாரைக் கேட்டுடி குத்தினேன்னாரு. என் காதுக்கு நான் யாரைக் கேக்கணும்னா. பிடிச்சு இழுத்துட்டாரு, சிஸ்டர். காது கிழிஞ்சுபோச்சு. என்னுது முடிக்குள்ள இருந்துச்சு, அவரு பாக்கல. அவளும் காட்டிக் குடுக்கல.

காயம் ஆறறதுக்குள்ள கிளம்பிட்டா. வெளியூர்ல துணிக் கம்பெனி வேலை, ஹாஸ்டல். அப்பா கூப்பிடப் போனாரு. சாயங்காலம் வரைக்கும் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியிலேயே நின்னாரு, அவ எறங்கி வரல. அப்புறம் அங்க காமாலை வந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாம வேலைக்குப் போயிட்டிருந்திருக்கா. எங்களுக்குத் தகவல் வந்து ஓடிப் போனப்ப நினைவே இல்ல, அப்படியே போயிட்டா. பத்தொம்பது வயசுதான்.

அதுலேர்ந்து அப்பா வீட்ல சத்தம் போட்டதில்ல. நானும் அவர்கிட்ட அதிகம் பேசினதில்ல. பேச என்ன இருக்கு? முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால விட்டுக்கிட்டு அவர் எதிர்லயே நடப்பேன். பாக்கட்டும்னுதான். பாப்பாரு, எந்திரிச்சு வெளிய போயிருவாரு. அப்படியே ஓடிப்போச்சு இத்தனை வருஷம்.

வந்துருச்சா? அட, இவ்வளவு சின்னதா இருக்கு. சரி, அந்தக் கவர்லயே போட்டுருங்க.

அப்பாவா? இருக்காரே. பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காரு. என்னோட கிட்னி அவருக்குத்தான் வைக்கப் போறாங்க. உங்களுக்குச் சொல்லலையா?

அய்யோ, அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல சிஸ்டர். டெஸ்ட் எடுத்தாங்க, என்னுது பொருந்துச்சு, சரின்னேன். அக்கா இருந்தா அவளும் குடுத்திருப்பா. திட்டிக்கிட்டே குடுத்திருப்பா. எனக்குத் திட்டவும் தெம்பில்ல.