துலியாவைக் காணோம்

இல்ல சார், நான் அவங்க வீட்டுக்காரரும் இல்ல, தம்பியும் இல்ல. நீங்க தேடி வந்த துலியாவே நான்தான். உள்ள வாங்க, ஷூவ மட்டும்... ஓ, போலீஸ் டியூட்டியில கழட்ட மாட்டீங்களோ. சரி, மிதியடி மேலயே நில்லுங்க. காபி ரெடியா இருக்கு.

அடையாள அட்டையா? இந்தாங்க. வெய்க்கோன்னு போட்டிருக்கும். முன்னாடி துலியா, இப்ப வெய்க்கோ. பொண்ணுன்னு வளத்தாங்க, நான் ஆம்பளையா மாறிட்டேன். அவ்வளவுதான் விஷயம். யாரையும் கொன்னு புதைக்கல. தம்பெரே ஊருல ஜனவரி மாசம் எவன் சார் குழி தோண்டுவான், மண்ணு கல்லு கணக்கா உறைஞ்சு கெடக்கு. சும்மா சொன்னேன், அத எழுதாதீங்க.

மருந்து இதோ, இந்த ஜெல்தான். தெனம் காலையில தோள்ல தடவிக்கணும். உங்க உடம்புல தானா ஊறுற ஹார்மோன்தான், எனக்கு மருந்துக்கடையில இருந்து வருது. மொதல்ல பரு வந்துச்சு. நாப்பத்திரெண்டு வயசுல, பரீட்சைக்குப் போற பையன் மாதிரி மூஞ்சி பூரா பரு. அப்புறம் பசி. ஒரு முழு ரொட்டிய நின்னுக்கிட்டே தின்னுட்டு அடுத்தது எங்கன்னு தேடுவேன். பெறகு தாடி, தாடின்னா மோவாயில பதினோரு முடி. அதுக்கு ஒரு சீப்பு வேற வாங்குனேன். தாடி கேட்டவனுக்கு உச்சியில சொட்டையும் சேத்துக் குடுத்துட்டாங்க, பாருங்க, குனியுறேன்.

அக்கம்பக்கமா? யாரும் ஒரு வார்த்த கேக்கலையே. கீழ இருக்கே, எல்லாரும் ஆவியில குளிக்கிற பொது சௌனா, அதுல வெள்ளிக்கிழமை ஏழு மணி என்னோட முறை. துலியா முறையில யாரோ ஒரு ஆம்பளை போறான்னு எல்லாரும் பாத்திருக்காங்க. நேர்ல கேட்டா நாக்கு வெந்துருமா? நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டுனாங்க, இது துலியாவின் நேரம், மற்றவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்னு. நானும் அதுக்குக் கீழயே, நான்தான் துலியா, இப்ப பேரு வெய்க்கோன்னு எழுதுனேன். மறுநாள் பாத்தா யாரோ எழுதியிருக்காங்க, கையெழுத்து ஒத்துப்போகிறது, சரி. அதோட விசாரணை முடிஞ்சுது சார். உங்கள விட வேகம்.

என்ன? மருந்த நிறுத்திட்டா அவங்க திரும்பி வந்துருவாங்களா? அவங்க எங்கயும் போகலையே சார், அதத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன். ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில் இருக்கு. டாக்டரம்மா மொத நாளே ஒரு தாள்ல நடுவுல கோடு போட்டுக் குடுத்தாங்க. நிறுத்துனா திரும்புறது இந்தப் பக்கம். ஏறுன சதை கரைஞ்சுரும், கொழுப்பு பழையபடி இடுப்புக்குப் போயிரும், மாசாமாசம் வர்றது பெரும்பாலும் திரும்ப வந்துரும். திரும்பாதது அந்தப் பக்கம். முளைச்ச தாடி, விழுந்த சொட்டை, உடைஞ்ச குரல். குரல் ஒரு தடவ இறங்குனா அப்புறம் தானா ஏறாது. எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்ல. சொட்டைக்கு மட்டும் ரெண்டு நாள்.

ஆமா, புகார் யாரு குடுத்தா? மூணாம் மாடி பென்ட்டியா? அவரு என் சைக்கிளயே ஒரு மாதிரி பாப்பாரு. அவரில்லையா? காட்டுங்க.

ம். பேரு ஹெல்வி, ஊரு கயானி.

எங்கம்மா சார்.

இல்ல, அவங்களுக்குத் தெரியாது. ஆபீஸ்ல சொன்னேன், நூலகத்துல சொன்னேன், பல் டாக்டர்கிட்டகூட வாயத் திறந்துக்கிட்டே சொன்னேன். அம்மாகிட்ட மட்டும் தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேன். ரெண்டு வருஷமா தொண்டை கட்டு. போன்ல பேசுறதில்ல, எழுதுறதோட சரி. நேர்ல வர்றேன்னாங்க, ஒட்டிக்கும்மா, வராதன்னுட்டேன். நம்பிட்டு, சுட வெச்சுக் குடின்னு கருப்பு பெர்ரி ஜூஸ பஸ் பார்சல்ல போடுறாங்க. அந்த அலமாரியத் தெறங்க. இருபத்திமூணு பாட்டில். அட, ரத்தமெல்லாம் இல்ல சார், மோந்து பாருங்க.

போன திங்கக்கிழமை பல் டாக்டர்தான் கூப்பிடுறாருன்னு நெனைச்சு, நம்பரப் பாக்காம எடுத்துட்டேன். அம்மா. என்ன செய்யுறதுன்னு தெரியாம, நான்தாம்மான்னேன். பேங்க்ல இருந்து வயசானவங்களுக்கு எழுதுறாங்கல்ல, தெரியாத ஆள் கூப்பிட்டு உங்க புள்ளைதான்னு சொன்னா உடனே வெச்சுருங்கன்னு. அம்மா எதுவும் எழுத்துல வந்தா அப்படியே கேப்பாங்க. எம்பொண்ண என்னடா பண்ணுனன்னு ஒரு கத்து, வெச்சுட்டாங்க. டா போட்டாங்க சார் என்னை. ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

அப்புறமா நானே இருவது தடவ கூப்பிட்டேன். எடுக்கல. எழுதுனா, போனைத் திருடுனவன் எழுதுறான்னு நெனைக்கிறாங்க. அடுத்த வாரம் தொண்டை சரியாயிரும்மான்னு எத்தன தடவ எழுதியிருப்பேன். அவங்க காத்துக்கிட்டு இருக்குற குரல் இனி வராது. அத அப்பவே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்.

ஒண்ணு செய்யுறீங்களா? நீங்க உங்க போன்ல கூப்பிடுங்க, போலீஸ்னா நம்புவாங்க. உங்க புள்ள கெடைச்சாச்சு, உசுரோட இருக்குன்னு மொதல்ல அத சொல்லுங்க. அஞ்சு நாளா தூங்கியிருக்க மாட்டாங்க. அழுது முடிக்கட்டும். அப்புறம் போன எங்கிட்ட குடுங்க, மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்.